படத்துக்கு முன்னே வந்த காகிதங்கள்

சினிமா நோட்டீசைப் பற்றி மலரில் ஒரு கட்டுரையா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கோயில், கல்வெட்டு, சங்கப் பாடல் என்று எழுத எவ்வளவோ இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஒரு படம் வெளிவரும் முன்பு அதைப் பற்றி மக்களிடம் சொல்ல அச்சடித்த காகிதங்களும் ஒரு வகையில் கல்வெட்டுகளே. இதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

சென்னை மாகாணப் படைகளோடும் அவற்றைச் சார்ந்த வேலைகளோடும் சிகந்தராபாத், போலாரம் கண்டோன்மெண்டுகளுக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 1960களில் தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமென்றால் சிகந்தராபாத்துக்குப் போக வேண்டும். அதுவும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிதான். சென்னையில் வெளியாகிப் பல மாதம் கழித்தே படம் இங்கே வந்து சேரும். ஆனால் பாட்டுப் புத்தகம் அதற்கு முன்பே வந்துவிடும். ஊருக்குப் போய் வருகிற உறவினர் யாராவது, முறுக்கு டப்பாவோடு அதையும் கொண்டு வருவார்கள். சென்னைக்காரர்கள் கொட்டகையில் படம் பார்க்கும்போது வாங்கிய புத்தகம், போலாரத்தில் எங்களுக்கு முன்னறிவிப்பாக அமைந்தது.

அதில் முதல் பக்கங்களில் கதைச் சுருக்கம் இருக்கும். கதாநாயகி ஆபத்தில் சிக்கும் இடத்தில் கதை நின்று, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும். பின் அட்டையில் அடுத்த படத்தின் விளம்பரம். "மீதிக் கதை என்ன அத்தை?" என்று கேட்டால், "அதைப் போட மாட்டான்டா. அதுக்குத்தான் காசு குடுத்துப் போய்ப் பாக்கணும்" என்பார் என் அத்தை. முழுக் கதையையும் மறைக்காமலும் சொல்லிவிடாமலும் ஆவலைத் தூண்டும் அந்த உத்தியை அவர் ஒரே வாக்கியத்தில் விளக்கிவிட்டார்.

இந்த ஆவல் தமிழ்ப் பேசும் படத்தின் பிறப்போடு வந்தது. பம்பாயில் இம்பீரியல் நிறுவனத்தார் எடுத்த 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் வெளியாயிற்று. எச்.எம்.ரெட்டி இயக்கிய அப்படத்தின் நாயகி டி.பி.ராஜலட்சுமி. படப்பெட்டி சென்னைக்கு ரயிலில் வந்தபோது ஜனங்கள் திரண்டு, வால்டாக்ஸ் சாலை வழியாகப் பூத் தூவி, தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்று திரை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். உற்சவ மூர்த்திக்குச் செய்கிற மரியாதை ஒரு தகரப் பெட்டிக்குக் கிடைத்தது!

அந்தப் படத்தைத் தமிழ், தெலுங்கு என இரண்டு மொழிகளையும் சொல்லித்தான் அன்று பத்திரிகைகளில் விளம்பரப்படுத்தினார்கள். பாட்டு தமிழில், பேச்சு பெரும்பாலும் தெலுங்கில். தெலுங்கு பூமியில் வாழும் நமக்கு இதைவிடப் பொருத்தமான முதல் படம் வேறென்ன இருக்க முடியும்? ஆனால் அதில் எந்த மொழி எவ்வளவு இருந்தது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. தீர்த்து வைக்கப் படச்சுருள் இல்லை. அன்றைய விளம்பரங்களும் பத்திரிகைக் குறிப்புகளுமே எஞ்சியிருக்கும் சாட்சிகள். படம் போய்விட்டது, படத்தைப் பற்றிய காகிதம் பிழைத்துக்கொண்டது.

அடுத்த கட்டத்தில் வாரப் பத்திரிகையே விளம்பரமாயிற்று. கல்கியின் 'தியாகபூமி', கே.சுப்பிரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே, படக் காட்சிகளின் புகைப்படங்களோடு ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தது. 1939இல் படம் வெளியானபோது வாசகர்களுக்குப் பாத்திரங்களின் முகம் ஏற்கெனவே பழக்கம். விகடன் அதிபர் எஸ்.எஸ்.வாசன் விளம்பரத் தொழிலில் இருந்து வந்தவர். 1948இல் ஜெமினியின் 'சந்திரலேகா'வைத் தமிழில் வெளியிட்டு, அதே ஆண்டு இந்தியிலும் கொண்டுபோனபோது, பத்திரிகைப் பக்கங்களையும் சுவர்களையும் நிறைத்து வடநாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார். ஏறக்குறைய 30 லட்ச ரூபாய் செலவில் எடுத்த படம் என்பதே ஒரு விளம்பரமாயிற்று.

1957இல் 'வணங்காமுடி' வந்தபோது சென்னை சித்ரா கொட்டகையில் சிவாஜி கணேசனுக்கு 80 அடி உயரக் கட்-அவுட் வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த உறவினர் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "கழுத்து வலிக்குது, அண்ணாந்து பாத்துப் பாத்து" என்றாராம். கட்-அவுட் போலாரத்துக்கு வராது. அதன் செய்தி இப்படித்தான் வரும். சிற்றலையில் கரகரத்த இலங்கை வானொலியும் புதுப்பாட்டுகளை எங்களுக்குக் கொண்டுவந்தது. பாட்டு தெரியும், பாதிக் கதை தெரியும், படம் மட்டும் தெரியாது. தூரத்தில் இருந்தவர்களின் நிலை அதுதான்.

இன்று அந்தத் தூரம் இல்லை. ஐதராபாத் ராமோஜி திரைப்பட நகரில் தமிழிலும் தெலுங்கிலும் எடுக்கப்பட்ட 'பாகுபலி' 2015இல் வெளியானபோது, கொச்சியில் 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட சுவரொட்டி விரித்து கின்னஸில் இடம்பிடித்தார்கள். கட்டப்பா ஏன் கொன்றான் என்ற கேள்வியை விட்டுவைத்து, 2017 வரை நாட்டையே காக்க வைத்தார்கள். அத்தை சொன்ன அதே "மீதி"தான்! டீசர், டிரெய்லர் எல்லாம் சென்னைக்கும் போலாரத்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நொடியில் கைப்பேசியில் வந்துவிடுகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் அடுத்த வாரம் அவை எங்கே? பெட்டியில் எடுத்து வைக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

பெட்டியில் இருந்ததையாவது காப்பாற்றினோமா? கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு விளம்பரப் பலகை ஓவியர். மற்றவர்கள் குப்பை என்று எறிந்த நோட்டீசு, அழைப்பிதழ், பாட்டுப் புத்தகங்களையும் நூல்களோடு சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பின், 1994இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று ஆய்வாளர்கள் அதைத் தேடி வருகிறார்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அத்தையின் டிரங்குப் பெட்டியில் ஏறக்குறைய நூறு பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. சிலவற்றின் ஓரத்தில், எந்த ஞாயிறு, யாரோடு போய்ப் பார்த்தோம் என்று பென்சிலில் குறித்திருந்தார். அவர் காலமான பிறகு வீடு மாற்றும்போது அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டேன். போட்டது வேறு யாருமல்ல, நான்தான். சிகந்தராபாத்தில் தமிழ்ப் படங்கள் எந்தெந்த ஆண்டில் ஓடின என்று இக்கட்டுரைக்காகத் தேடியபோதுதான், அந்தப் பென்சில் எழுத்துகளின் மதிப்பு புரிந்தது.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். லால்பஜார், திருமலகிரி, அல்வால், போலாரம் வீடுகளில் பரண்மேல் பழைய பெட்டி இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். பாட்டுப் புத்தகமோ நோட்டீசோ கிடைத்தால் நம் சங்கத்தில் கொடுங்கள். படி எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். இங்கே நம்மவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதற்குக் காத்திருந்தார்கள் என்ற கதையின் மீதி அந்தப் பெட்டிகளில்தான் இருக்கிறது.