எலும்புச் சாறும் ஏழையின் தட்டும்

மீன் தோல், செதில், ஜெல்லிமீன் முதலியவற்றிலிருந்து எடுத்த கொலாஜன் மாவு இன்று கடைகளில் விற்கிறது. இதற்கொரு பழைய வரலாறு உண்டு.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பாரிஸ் வேதியியல் அறிஞர் டார்சே, மிஞ்சிய எலும்புகளை நீராவியில் வேகவைத்து, அவற்றிலுள்ள கொலாஜனை ஜெலட்டினாகப் பிரித்தார். இறைச்சிக்கு ஈடென்று சொல்லி, அந்தச் சாற்றை மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு ஊற்றினார்கள். அது உண்மையான உணவுதானா என்ற ஐயம் எழுந்தது. மஜாந்தி என்னும் அறிஞரின் குழு நாய்களுக்கு ஜெலட்டினை மட்டுமே கொடுத்துப் பார்த்தது. அவை மெலிந்து மடிந்தன. ஜெலட்டின் மட்டும் உயிரைக் காக்காது என்று 1841இல் அக்குழு அறிவித்தது.

காரணம் பின்னரே விளங்கியது. 1901இல் கண்டறியப்பட்ட டிரிப்டோஃபான் என்னும் இன்றியமையாத புரதக்கூறு அதில் அறவே இல்லை. மாட்டெலும்பாயினும் மீன்தோலாயினும் கொலாஜனின் குறை இதுவே. ஆகவே, தாய்மார்களே, எந்த மாவு வாங்கினாலும், பிள்ளைகளின் தட்டில் முட்டையும் பருப்பும் மீனும் குறையாதிருக்கட்டும்.