திரைவாசிப்பான் (லினக்ஸ்)

கணினித் திரையில் உள்ளதைப் பேச்சாகவோ பிரெயிலாகவோ மாற்றித் தரும் மென்பொருள். பார்வையற்றோர் கணினியைத் தாமே இயக்க வழிசெய்வது.

எழுத்து முனையத்தில் இருப்பவை வரிசையும் நெடுவரிசையுமாக அடுக்கிய எழுத்துகள் மட்டுமே. எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்பது இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குத் தெரியும். ஸ்பீக்கப் என்னும் திரைவாசிப்பான் கெர்னலுக்குள்ளேயே இருந்து அதைப் படிக்கிறது. 2020இல் வந்த லினக்ஸ் 5.9 பதிப்பில் அது கெர்னலின் சோதனைப் பகுதியைவிட்டு முதன்மைப் பகுதிக்கு வந்தது. பிஆர்எல்டிடிஒய் என்னும் மென்பொருள் அதே எழுத்துகளைப் பிரெயில் கருவிக்கு அனுப்பும். டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலின் நிறுவியில், தொடக்கப் பட்டியலில் ‘எஸ்’ விசையையும் பிறகு என்டரையும் தட்டினால் கணினி பேசத் தொடங்கும். பிறர் துணையின்றி இயங்குதளத்தையே நிறுவிக்கொள்ளலாம். இது சிறிய சுதந்திரம் அல்ல.

வரைகலைத் திரையில் நிலைமை வேறு. அங்கே தெரிபவை வெறும் வண்ணப் புள்ளிகள். ஆகவே ஒவ்வொரு செயலியும் தன் பொத்தான், பட்டியல், உரைப்பெட்டி ஆகியவற்றின் பெயர், வகை, நிலையை ஏடி-எஸ்பிஐ என்னும் இடைமுகம் வழியே அறிவிக்க வேண்டும். ஆர்க்கா என்னும் திரைவாசிப்பான் அதைக் கேட்டுப் பேசுகிறது. க்னோம் வரைகலைச் சூழலில் சூப்பர், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது இயங்கும். குரல் தரும் ஈஸ்பீக் என்ஜி தமிழும் பேசும்.

குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தானுக்கு நிரலில் பெயர் இல்லையென்றால், ஆர்க்கா “பொத்தான்” என்று மட்டுமே சொல்லும். அழுத்தினால் கோப்பு அழியும் என்பது கேட்பவருக்குத் தெரியாது. பிழை ஆர்க்காவுடையதன்று. நிரல் எழுதுவோர் ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயரிட வேண்டும்.