தேயிலை மலைகளில் லேண்ட் ரோவர்

இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலையின் போக்குவரத்து வரலாறு பெரும்பாலும் இரயிலின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1884-இல் ஹட்டனையும் 1885-இல் நானுஓயாவையும் எட்டிய இருப்புப்பாதை, தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்தில் சேர்க்கும் சிக்கலைத் தீர்த்துவைத்தது. ஆனால் இரயில் நிலையத்துக்கும் பங்களாவுக்கும் இடையிலும், தோட்டத்துக்குள்ளே ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கும் (தேயிலை நட்ட நிலப்பிரிவையே தோட்டத்து மக்கள் மலை என்பர்) மாட்டுவண்டியும் குதிரையும் நடந்துசெல்வதுமே நெடுங்காலம் வழியாக இருந்தன. சாதாரண மோட்டார் வண்டிகள் வந்தபின்னும், தென்மேற்குப் பருவமழையில் வழுக்கும் செம்மண் தோட்டப் பாதைகளில் அவற்றால் ஓரளவுக்கு மேல் ஏற முடியவில்லை.

இந்த இடைவெளியில் வந்து சேர்ந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் பிரிட்டனின் ரோவர் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்த வண்டி, அமெரிக்கப் போர்க்கால ஜீப்பை முன்மாதிரியாகக் கொண்டு, விவசாயப் பண்ணைகளை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால் உடற்பகுதி அலுமினியக் கலவைத் தகட்டால் செய்யப்பட்டது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தும் அமைப்போடு, செங்குத்தான ஏற்ற இறக்கங்களில் மெதுவாக ஆனால் மிகுந்த இழுவிசையுடன் செல்லத் தனியான தாழ்நிலைக் கியர் வரிசையும் அதில் இருந்தது. தோட்டத்துரைமாருக்கு இதில் பெரிதாகப் பயன்பட்டது இறக்கமே எனலாம். தாழ்நிலைக் கியரில் இறங்கும் வண்டியை இயந்திரமே பிடித்துக்கொள்வதால், மழையில் நனைந்து வலுவிழந்த பிரேக்கை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

ஆயினும் இது பழுதாகாத வண்டி என்ற புகழ் அளவுக்கு மீறியது. பழைய லேண்ட் ரோவரின் பின்னச்சுக்குள் இருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டு பாரத்திலும் சரிவிலும் முறிவது உலகெங்கும் அறியப்பட்ட குறை. அதன் கைப்பிரேக் சக்கரங்களில் அல்லாமல் கியர்ப்பெட்டிக்குப் பின்னுள்ள சுழல்தண்டில் இயங்குவதால், அச்சுத்தண்டு முறிந்த வண்டியைச் சரிவில் கைப்பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்த இயலாது. எண்ணெய்க் கசிவோ அன்றாடம் காண்பது. அலுமினியத் தகடு துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அதைத் தாங்கும் எஃகுச் சட்டகம் துருப்பிடிக்கும், இரு உலோகங்களும் ஈரத்தில் ஒட்டியிருக்கும் இடங்களில் அலுமினியமும் அரிக்கும். ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டரையும் தாண்டி மழை கொட்டும் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களில் இது சிறிய விஷயமன்று.

எனவே இதன் நம்பகத்தன்மையைப் பழுது எவ்வளவு அரிதாக வந்தது என்பதைவிட, வந்த பழுதை எங்கே, யாரால் சரிசெய்ய முடிந்தது என்பதைக் கொண்டு மதிப்பிடுவதே பொருந்தும். முறிந்த பின்தண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, முன்சக்கரங்களின் விசையாலேயே வண்டியை வீடு சேர்க்கலாம். பற்றரி செத்தால் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி இயந்திரத்தைக் கிளப்பலாம். தேயிலைத் தொழிற்சாலையில், அதாவது தோட்டத்து வழக்கில் ஸ்டோரில், இயந்திரங்களைப் பராமரித்தவர்களுக்கு இந்த வண்டியின் உள்ளமைப்பு அந்நியமாக இருந்திருக்க முடியாது. 1960-களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி இறுக்கப்பட்டபோது இந்த எளிமையே வண்டிகளைக் காப்பாற்றியது. 1975-இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பின்னும், பழைய வண்டிகளை ஒட்டுப்போட்டு ஓட்டுவதைத் தவிர வேறு வழி அதிகம் இருக்கவில்லை. 1977-இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானிய வாகனங்கள் பெருகின. அவற்றின் டீசல் இயந்திரங்களைப் பழைய லேண்ட் ரோவரின் உடலுக்குள் பொருத்துவது கராஜ்களின் வழக்கமான வேலையாயிற்று. டார்ஜிலிங் மலைகளில் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்ஃபூவுக்கு ஏறும் 1950-களின் லேண்ட் ரோவர்களும் இவ்வகை ஒட்டுவேலையால்தான் இன்றும் ஓடுகின்றன.

இந்த நம்பகம் யாருக்குக் கிட்டியது என்பது வேறு கேள்வி. வண்டி கம்பனிக்கு உரியது, அமர்ந்து சென்றவர் பெரிய துரை (தோட்ட மேலாளர்), ஓட்டியவரும் பழுது பார்த்தவரும் சம்பளக்காரர்கள். அவருக்கு உதவியாளரான சின்ன துரைக்கே பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்தான். தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் நோயுற்றவரையோ பிரசவ வலி கண்டவரையோ தோட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றது பல வேளைகளில் பறித்த தேயிலைக் கொழுந்தை ஏற்றும் லொறியே.

ஆடம்பரம் இந்த வண்டிக்குப் பிற்காலத்தில்தான் வந்து சேர்ந்தது. 1970-இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவரின் உட்புறம்கூடத் தண்ணீர் விட்டுக் கழுவும்படியாகவே இருந்தது. தோலிருக்கையும் காற்றடைத்த அதிர்வுதாங்கிகளும் மின்னணுக் கட்டுப்பாடுகளும் பின்னர் ஒவ்வொன்றாக ஏறின. அவற்றோடு பழுதும் இடம் மாறியது. அமெரிக்க வாகன நம்பகக் கணிப்புகளில் லேண்ட் ரோவர் கடைசி வரிசையில் பலமுறை நின்றதற்கு, முறியும் தண்டுகளைவிட இந்தப் புதிய அமைப்புகளே பெரிதும் காரணம் எனக் கொள்ளலாம். 2020 மார்ச்சில் இலங்கை மீண்டும் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 தொடக்கம்வரை தனியார் வாகனங்களுக்குக் கதவை மூடி வைத்திருந்தபோது, 1960-களின் பழுதுபார்க்கும் காலம் ஓரளவு திரும்பியது. துருப்பிடித்த சட்டகத்தை மலைநாட்டுக் கராஜ் ஒன்றிலேயே ஒட்டவைக்கலாம். செயலிழந்த கணினிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கோ கொழும்பிலிருந்து பொருளும் வரவேண்டும், அதைப் படித்தறியும் கருவியும் வரவேண்டும்.