கண் கண்டதும் தகடு கண்டதும்

கையால் சுழற்றி ஃபோகஸ் செய்யும் பழைய லென்ஸ் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பலவற்றில் தூரத்தைக் காட்டும் நடுக்கோட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்னச் சிவப்புப் புள்ளியோ, 'ஆர்' என்ற எழுத்தோ இருக்கும். எங்கள் புகைப்பட வட்டத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் அது எதற்கு என்று கேட்பார்கள். அகச்சிவப்பு ஃபிலிம் போட்டுப் படமெடுப்பவர்களுக்கான குறி அது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற இடத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டு, வளையம் காட்டும் தூரத்தை அந்தப் புள்ளிக்கு நேராக நகர்த்திக்கொள்ள வேண்டும். அகச்சிவப்புக் கதிர், கண்ணுக்குத் தெரியும் ஒளி குவியும் இடத்தில் குவியாது. கொஞ்சம் பின்னால் போய்க் குவியும்.

பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் இந்தப் புள்ளியின் மேல் எனக்குத் தனிப் பிரியம். கண் பார்ப்பதும் காமிரா பதிவதும் வேறு என்பதை லென்ஸின் உடம்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த வேறுபாடு அகச்சிவப்பு ஃபிலிமோடு வந்ததல்ல. புகைப்படம் பிறந்தபோதே உடன் பிறந்தது. பொழுதுபோக்காகப் படமெடுப்பவர்கள் ஓரிடத்தில் கூடி, ஒருவர் படத்தை மற்றவர் பார்த்துக் கருத்துச் சொல்லும் பழக்கம் வேர்விட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். படம் தெளிவாக விழவில்லை என்றால், பிழை கையிலா, கண்ணாடியிலா, பெட்டியிலா என்று தனியாளாக உட்கார்ந்து கண்டுபிடிப்பது மிகவும் கடினம். இன்னொருவருடைய படம் பக்கத்தில் வேண்டும்.

1839-இல் பாரிஸில் டகேர் உருவாக்கிய புகைப்பட முறை வெளியானது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டிப் பதப்படுத்துவார்கள். அந்தத் தகட்டுக்கு நீலமும் ஊதாவும்தான் உறைக்கும்; மஞ்சளும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. நம் கண்ணுக்கோ மஞ்சளும் பச்சையும்தான் பளிச்சென்று படும். ஒற்றைக் கண்ணாடி லென்ஸில் நீலம் லென்ஸுக்குக் கிட்டேயும் மஞ்சள் சற்று எட்டியும் குவிகிறது. இனி நடப்பதை யோசித்துப் பாருங்கள். படமெடுப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாக விழும் உருவத்தைப் பார்த்து, மஞ்சள் ஒளியில் அருமையாக ஃபோகஸ் செய்கிறார். கண்ணாடியை எடுத்துவிட்டு அதே இடத்தில் தகட்டைச் செருகுகிறார். தகடு பார்ப்பது நீலத்தை. முகம் மங்கலாக வருகிறது. அவர் எந்தப் பிழையும் செய்யவில்லை.

லியோனில் பிறந்து லண்டனில் ஸ்டுடியோ நடத்திய அந்துவான் கிளோதே இதை முறையாக ஆராய்ந்தார். கண்ணின் குவியம் ஒன்று, ரசாயனத்தின் குவியம் வேறொன்று என்று நிறுவினார். இரண்டுக்கும் உள்ள தூரம் லென்ஸுக்கு லென்ஸ் மாறியது. அதை அளக்க அவர் செய்த கருவிக்கு ஃபோசிமீட்டர் என்று பெயர். எண் எழுதிய விசிறித் துண்டுகள் ஒரே அச்சில், ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு தூரத்தில் நிற்கும். நடுத்துண்டின் மேல் ஃபோகஸ் வைத்துப் படமெடுக்க வேண்டும். தகட்டில் எந்த எண் கூர்மையாக விழுந்திருக்கிறதோ, அதுதான் அந்த லென்ஸின் உண்மையான குவியம் இருக்கும் இடம். வேறுபாட்டை ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டால் போதும். அதன்பின் ஒவ்வொரு படத்துக்கும் அந்த அளவு நகர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

இன்று எங்கள் வட்டத்தில் லென்ஸைச் சோதிக்க, மேசைமேல் ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்து, நடு எண்ணில் ஃபோகஸ் செய்து, எந்த எண் ஷார்ப்பாக வந்திருக்கிறது என்று பார்க்கிறோம். சிலர் பென்சில் பேட்டரிகளைக் குறுக்குச் சாய்வாக வரிசையாக நிறுத்துவார்கள். கிளோதேயின் விசிறிதான் அது.

லண்டன் புகைப்படச் சங்கம் 1853-இல் தொடங்கியது. அதன் முதல் கூட்டத்தில் பேசியவர்களில் ஒருவர் சிற்றோவியங்கள் தீட்டும் சர் வில்லியம் நியூட்டன். படம் முழுவதும் ஊசிமுனைக் கூர்மையாக இருக்க வேண்டியதில்லை, கொஞ்சம் ஃபோகஸ் தளர்ந்திருந்தால்தான் இயற்கையின் உணர்வு வரும் என்று அவர் சொல்ல, எதிர்ப்புக் கிளம்பியது. கூடிப் பேச ஓர் அமைப்பு உருவான அதே வேளையில் ஃபோகஸ் பற்றிய சண்டையும் உருவாகிவிட்டது. பம்பாயில் 1854-இல் சங்கம் பிறந்தது. கல்கத்தா அதைத் தொடர்ந்தது. சென்னைச் சங்கம் 1857-ஐத் தன் பிறப்பாண்டாகச் சொல்கிறது. எழும்பூர் ஓவியக் கல்லூரிக்கு 1850-இல் வித்திட்ட டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் அதன் முன்னோடிகளில் ஒருவர்.

அந்தக் காலச் சென்னை மாகாணத்துப் படங்களில் என்னை விட்டு நீங்காதது லினேயஸ் டிரைப் எடுத்தது. பட்டாளத்துக் கேப்டனான அவர் சொந்த ஆர்வத்தில் படமெடுக்கக் கற்றவர். பிறகு மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக ஆக்கினார். கல்வெட்டு என்பதால் அங்கே மங்கலுக்கு மன்னிப்பே கிடையாது. எழுத்து வாசிக்க வர வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் காமிராவைச் சுவரிலிருந்து ஒரே தூரத்தில் நிறுத்தாவிட்டால் எழுத்தின் அளவு மாறிப்போகும். நம் ஊர் வெயிலில், மெழுகு ஏற்றிய தாளையே நெகட்டிவாக வைத்து அதைச் சாதித்திருக்கிறார். நான் அந்தப் பிராகாரத்தில் நடக்கும்போதெல்லாம் அவர் முக்காலி நின்றிருக்கக்கூடிய இடத்தைக் கண்ணால் அளந்துகொண்டே போவேன்.

டிரைப்புக்கு நேர் எதிர்த் திசையில் நின்றவர் ஜூலியா மார்கரெட் கேமரன். என் கட்சி எது என்று கேட்டால் தயங்காமல் இந்த அம்மாவின் பக்கம் போய் நிற்பேன்.

1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 கிறிஸ்துமஸுக்கு மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தபோது வயது 48. ஐல் ஆஃப் வைட் தீவில், வீட்டுக் கோழிக்கூட்டையே கண்ணாடி அறையாக மாற்றிக்கொண்டு படமெடுக்கத் தொடங்கினார். முதல் காமிராவில் இருந்தது ஒரு பிரெஞ்சு லென்ஸ். கண்ணின் குவியமும் தகட்டின் குவியமும் அதில் ஒத்துப்போகவில்லை. போதாததற்கு, அதன் குவியப் பரப்பு வளைந்தது: நடுவில் மூக்கு தெளிவாக இருந்தால் ஓரத்தில் காது கரைந்துபோகும். எதிரே உட்கார்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும், யாரால் முடியும்? ஆகவே லென்ஸின் மங்கல், வளைவின் மங்கல், அசைவின் மங்கல் மூன்றும் ஒரே தகட்டில் விழுந்தன.

1864-இலேயே அவர் லண்டன் சங்கத்தில் உறுப்பினரானார், படங்களை அனுப்பினார். சங்கத்தின் இதழ் அவருடைய துணிச்சலைப் பாராட்டிவிட்டு, புகைப்படத்துக்குரிய மற்ற எல்லாக் குணங்களையும் அதற்குப் பலி கொடுத்துவிட்டார் என்று எழுதியது. இப்படிப்பட்ட விமர்சனங்களால் கேமரன் நொந்துபோனார். ஃபோகஸ் என்றால் என்ன, இதுதான் முறையான ஃபோகஸ் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று நண்பரான சர் ஜான் ஹெர்ஷலுக்குக் கடிதத்தில் கேட்டார். கேட்கப்பட்டவரும் சாமானியர் அல்ல. படத்தை நிலைநிறுத்தும் 'ஹைப்போ'வின் வேதியியலைக் கண்டுபிடித்தவரே அவர்தான்.

இந்தச் சண்டையை வெறும் ரசனை வேறுபாடாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. விமர்சகர்கள் படத்தைப் பார்த்தார்கள்; கருவியைப் பார்க்கவில்லை; எடுத்தவர் எதை விரும்பினார் என்றும் கேட்கவில்லை. தொடக்கத்தில் கிடைத்த மங்கலில் ஒரு பங்கு லென்ஸின் வேலை. பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பில் அவரே இதை ஒளிக்காமல் சொல்கிறார்: முதல் வெற்றிகள் தற்செயலாக வந்தவை, ஃபோகஸ் செய்துகொண்டே வரும்போது கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்தில் நிறுத்திவிடுவார், மற்றவர்களைப் போல அதற்கு மேலும் திருகிக் கூர்மையாக்க மாட்டார். 1866-இல் பெரிய காமிராவும், லென்ஸ் தயாரிப்பாளர் டால்மேயர் செய்த, குறைகள் பெருமளவு திருத்தப்பட்ட லென்ஸும் வாங்கினார். படம் மாறியதா? தலைகள் இன்னும் பெரிதாகின. மென்மை அப்படியே இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட கண்ணாடியை மாற்றிய பிறகும் அதே மென்மையை அவர் தேடினார் என்றால், அதைப் பிழை என்று எப்படி எழுத முடியும்? 1867-இல் எடுத்த ஹெர்ஷலின் முகத்தைப் பாருங்கள். வெள்ளை முடி கலைந்து பறக்க, ஈரம் மின்னும் அந்தக் கண்கள் இருட்டிலிருந்து வெளியே வருகின்றன. எங்கே கூர்மை வேண்டும் என்று தெரிந்த ஒருவர் எடுத்த படம் அது.

1875-இல் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அவர்களுக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறையில் கிராமத்து மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்தார். மலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து போன தமிழர்கள் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் படங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் இங்கிலாந்தில் எடுத்த படங்களில் டென்னிசனும் டார்வினும் தம் பெயரோடு இருக்கிறார்கள். இவர்களுடைய பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை. இலங்கையில் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று மிஞ்சியிருக்கின்றன. 1879 ஜனவரியில் அங்கேயே காலமானார். பொகவந்தலாவையில் கல்லறை இருக்கிறது.

கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்கு 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இங்கிலாந்தில் ஒரு வழி பிறந்தது: தபால் வழிச் சங்கம். ஒரு பெட்டி, அதில் ஆளுக்கொரு பிரிண்ட், கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். பெட்டி வீடு வீடாகச் சுற்றும். வந்ததும் மற்றவர் படங்களைப் பார்த்து நோட்டில் கருத்தெழுதி, உங்கள் பழைய படத்தை எடுத்துக்கொண்டு, புதியதை வைத்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மதிப்பு உண்டு. எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் 'ஷார்ப்பா இல்லை' என்று இரண்டு சொல்லில் நிறுத்திவிட முடியாது. எந்த இடத்தில், எதனால் என்று எழுதியாக வேண்டும்.

நடுவில் ஃபோகஸ் தொல்லை அடங்கியிருந்த காலம் ஒன்று உண்டு. 1932-இல் வந்த லைகா காமிராவில், தூரத்தை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸோடு இணைந்தது. பிறகு எஸ்.எல்.ஆர். காமிராவில், பிளவுபட்ட உருவம் நடுவில் ஒன்றுசேர்ந்தால் ஃபோகஸ் என்று ஆயிற்று. நம் வீடுகளில் புழங்கிய ஆக்ஃபா கிளிக் III-இல் ஃபோகஸ் செய்கிற வேலையே இல்லை. ஒரு ரோலுக்கு 12 படம். படத்தையும் உள்ளங்கை அளவில்தான் பிரிண்ட் போட்டோம். சின்னப் பிசகு யார் கண்ணிலும் படாது.

1985-இல் மினோல்ட்டா 7000 வந்து ஆட்டோ ஃபோகஸைப் பரவலாக்கியது. அதன்பின் வந்த எஸ்.எல்.ஆர்.களின் அமைப்பு இதுதான்: மிரர் எனப்படும் முன்கண்ணாடியின் நடுவே கசியும் ஒளியை, பின்னால் இருக்கும் குட்டிக் கண்ணாடி காமிராவின் அடித்தளத்துக்குத் திருப்பிவிடும். அங்கே உள்ள சென்சார் லென்ஸின் இரு ஓரங்களிலிருந்து வரும் உருவங்களை ஒப்பிட்டு, முன்னேயா பின்னேயா என்று கணக்குப் போடும். படம் பதிவதோ ஃபிலிமில். இரண்டு பாதைகளின் நீளமும் இம்மியளவு வேறுபட்டாலும் கணக்கு சரியாக இருக்கும், படம் தவறாக விழும். கிளோதேயின் காலத்தில் நிறத்தால் பிரிந்த இரு குவியங்கள் இப்போது கண்ணாடியின் கோணத்தால் பிரிந்தன.

டிஜிட்டல் வந்து எல்லோரும் படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கியதும் புகார் வெள்ளமாகப் பெருகியது. 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து, ஒன்றரை மீட்டரில் இருக்கும் முகத்தை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 செ.மீ.தான். எங்கள் வட்டத்தில் ஒரு பையன் வந்து, "சார், கண்ணுலதான் பாயின்ட் வெச்சேன், காதுதான் ஷார்ப்பா விழுது" என்று குமுறினான். மூத்தவர் ஒருவர், "லென்ஸைக் கழட்டு தம்பி, என் பாடியில மாட்டிப் பார்ப்போம்" என்றார். அதில் சரியாக விழுந்தது. அவனுடைய பாடியிலேயே, கண்ணாடியைத் தூக்கிவிட்டு லைவ் வியூவில் எடுத்தாலும் சரியாக விழுந்தது. அப்படியானால் கையும் லென்ஸும் குற்றமற்றவை. உள்ளே இருக்கும் பாதைதான் பிசகியிருக்கிறது. இரண்டு காமிராவும் நாலு பேரும் இருந்ததால் ஒரு டீ ஆறுவதற்குள் தெரிந்தது. 2007 முதல் கேனானும் நிக்கானும் உயர்ரகக் காமிராக்களில் இதைப் பயனாளரே திருத்திக்கொள்ளும் வசதி தந்தன. லென்ஸுக்கு இவ்வளவு என்று ஓர் எண்ணைக் கொடுத்தால் போதும்.

மிரர்லெஸ் காமிராவில் படம் பதிகிற சென்சாரே ஃபோகஸையும் அளப்பதால் இந்தப் பாதைக் கோளாறு ஒழிந்தது. ஆனாலும் கூட்டத்தில் ஃபோகஸ் பேச்சு குறையவில்லை. காமிரா தானாகக் கண்ணைத் தேடிப் பிடிக்கிறது. அண்மையில் ஒருவர் நாகசுரக் கலைஞரின் படம் கொண்டுவந்தார். கண் அவ்வளவு கூர்மை; சீவாளியைக் கவ்விய உதடும் துளைகளில் ஓடும் விரலும் மங்கல். பிரமாதம் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். எடுத்தவர் முகம் மலரவில்லை. அவர் விரல்களைத்தான் எடுக்கப் போயிருந்தார். கண்ணைத் தேர்ந்தெடுத்தது காமிரா.

அதற்குப் பிறகு எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறோம். பிரிண்ட்டின் பின்புறம், எந்த இடத்தில் கூர்மை வேண்டும் என்று நினைத்தார் என்பதை எடுத்தவர் பென்சிலால் எழுதித் தர வேண்டும். மற்றவர்கள் முதலில் படத்தைப் பார்த்துத் தங்களுக்குத் தோன்றியதைச் சொல்வார்கள். பிறகு திருப்பி வாசிப்போம். இரண்டும் ஒத்துப்போகாத படங்களுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குகிறோம்.