ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்

‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ இந்து, பாலித் தீவுத் தொன்மங்களை அடிப்படையாகக் கொண்ட அதிரடி-சாகச வீடியோ கேம். புணேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கியது. 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்ச்சிலும், அக்டோபரில் கணினி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றிலும் வெளியானது.

பின்னணி: கிரேக்கத் தொன்மத்தைக் களமாக்கி 2005இல் வந்த ‘காட் ஆஃப் வார்’ இவ்வகை ஆட்டங்களை உலகெங்கும் பரப்பியது. இந்தியத் தொன்மங்களை இந்தியர்களே அதே வகையில் ஆட்டமாக்கியதில் ‘ராஜி’ ஒரு முக்கிய மைல்கல். 2017இல் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டும் முயற்சி இலக்கை எட்டாதபோதும் குழுவினர் பணியைக் கைவிடவில்லை.

கதை: அசுரர்கள் கடத்திச் சென்ற தம்பி கோலுவைத் தேடிப் புறப்படுகிறாள் கழைக்கூத்தாடிச் சிறுமி ராஜி. அசுரர் தலைவன் மகாபலாசுரனை எதிர்க்கத் தெய்வங்கள் அவளைத் தேர்ந்தெடுக்கின்றன. துர்க்கையும் விஷ்ணுவும் உரையாடியபடியே கதையைச் சொல்லிச் செல்கின்றனர்.

ஆட்டமுறை: கழைக்கூத்தின் லாவகம் சண்டையிலும் தொடர்கிறது. ராஜி சுவரில் ஓடி எம்பித் தாக்குவாள். தூணைப் பற்றிச் சுழன்று சூழ்ந்த அசுரர்களைச் சிதறடிப்பாள். திரிசூலமும் வில்லும் அவளுடைய ஆயுதங்கள்.

கலையும் இசையும்: கோட்டைகளில் ராஜஸ்தான் கட்டடக்கலையும், வண்ணங்களில் பஹாரி ஓவிய மரபும் தெரிகின்றன. இடைக்காட்சிகள் நிழற்பொம்மலாட்டப் பாணியில் அமைந்தவை. இசையமைத்தவர் கிரேக்கரான லினோஸ் செலோஸ்.

வரவேற்பு: கலைநயம் பெரிதும் பாராட்டப்பட்டது; ஆனால் சண்டைக் காட்சிகளின் சீரற்ற தன்மையும் குறுகிய நீளமும் குறைகளாகச் சொல்லப்பட்டன. 2020ஆம் ஆண்டின் தி கேம் அவார்ட்ஸில் சிறந்த அறிமுகப் படைப்புப் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.