அச்சுக்கு முன்னிருந்த உரைநடை: ஓராண்டு வாசிப்பின் குறிப்புகள்

என் ஆய்வேட்டின் முதல் இயலை நெறியாளரிடம் அளித்தபோது அதில் ஒரு வாக்கியம் இருந்தது. இந்திய மொழிகளில் உரைநடை என்பது அச்சு இயந்திரத்தோடும் குடியேற்ற ஆட்சியின் கல்விக்கூடங்களோடும் பிறந்தது என்பது அதன் சாரம். அதற்கு அடிக்குறிப்பு இல்லை. எல்லாரும் அறிந்த செய்திக்குச் சான்று எதற்கு என்று எண்ணியிருந்தேன். நெறியாளர் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் இட்டுத் திருப்பித் தந்தார்.

அக்கேள்விக்குறிக்கு விடை தேடித்தான் ஓராண்டுக்கான வாசிப்புத் திட்டம் ஒன்றை வகுத்துக்கொண்டேன். மாதத்திற்கு ஒரு நூல் அல்லது ஒரு தொகுதி. பன்னிரண்டு மாதங்களில் பன்னிரண்டு வடிவங்கள். ஒரே வடிவம் இருமுறை வரலாகாது. சமஸ்கிருதமும் பாரசீகமும் வேண்டா. தமிழும் வேண்டா, ஏனெனில் அங்கே என் பழக்கமே எனக்குத் திரையாகிவிடும். செய்யுள் கூடாது என்பது மற்றொரு விதி. இந்த விதியை மட்டும் ஒருமுறை மீறினேன். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். கன்னடத்தையும் மலையாளத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டு மெல்ல வாசித்தேன். ஏனையவற்றை மொழிபெயர்ப்பின் வழியே அறிந்தேன். ஆகவே நடையைப் பற்றி நான் இங்கே சொல்வனவற்றை அந்த எல்லைக்குள் வைத்தே கொள்ளவேண்டும்.

தொடக்கம் கன்னடத்தில். ஏறத்தாழ 850ஆம் ஆண்டளவில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் அவையில் உருவான 'கவிராஜமார்க்கம்' ஓர் அணியிலக்கண நூல். கன்னடத்தில் இன்று கிடைக்கும் நூல்களில் காலத்தால் முந்தியது அதுவே. அது தனக்கு முற்பட்ட உரைநடை ஆசிரியர்கள் சிலரைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. அவர்களுடைய நூல்களுள் ஒன்றேனும் இன்று இல்லை. ஆயினும் உரைநடை என்பது எண்ணிச் சொல்லத்தக்க தனி வகையாக அன்றே இருந்தது என்பதற்கு அப்பட்டியல் சான்று. பொதுவாக 10ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் 'வட்டாராதனை' கைக்குக் கிடைக்கும் முதல் கன்னட உரைநடை நூல். அதில் 19 சமணக் கதைகள் உள்ளன. ஒவ்வொரு கதையும் ஒரு பிராகிருதக் காதையோடு தொடங்கிப் பின் உரைநடையில் விரிகிறது. தமிழ் மாணவருக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும்: முதலில் மூலம், பின் உரை. இறையனார் அகப்பொருள் உரையைப் பாடமாகப் படித்துவிட்டு, உரைநடை அச்சோடு பிறந்தது என்று எழுதிய என் கையை நானே நொந்துகொண்ட மாதம் அது.

12ஆம் நூற்றாண்டுக் கல்யாண நகரின் வசனங்களைப் பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டிருப்பதால் விரைந்து கடக்கிறேன். 'வசனம்' என்றால் சொல்லப்பட்டது என்றே பொருள். யாப்பில்லை, ஆனால் ஒவ்வொன்றிலும் பாடியவரின் இறைப்பெயர் முத்திரையாக நிற்கிறது. பசவண்ணருக்குக் கூடலசங்கமன், அக்கமகாதேவிக்குச் சென்னமல்லிகார்ச்சுனன். அச்சொற்கள் யாரை நோக்கிச் சொல்லப்பட்டன என்பது அம்முத்திரையிலேயே பொதிந்துள்ளது. இதை அப்போது குறித்துவைத்தேன். இதன் பயன் பல மாதங்கள் கழித்தே தெரிந்தது.

மூன்றாம் மாதம் என்னை நிலைகுலையச் செய்தது. மராத்தியில் 1278ஆம் ஆண்டளவில் மஹிம்பட்டர் தொகுத்த 'லீளாசரித்திரம்' மஹானுபாவ சமயத்தின் ஆசான் சக்ரதரரின் வாழ்க்கை வரலாறு. சக்ரதரர் மறைந்த பின், அவரோடு பழகியவர்களைத் தேடி மஹிம்பட்டர் ஊர் ஊராகச் சென்றார். எங்கே தங்கினார், என்ன உண்டார், யாரிடம் என்ன சொன்னார் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். ஒரே நிகழ்ச்சியை இருவர் வேறுவிதமாக நினைவுகூர்ந்தால் அந்த வேறுபாடும் குறிக்கப்படுகிறது. இன்று கள ஆய்வு வகுப்பில் நாம் கற்பிக்கும் ஒழுக்கம் இது. உயர்வு நவிற்சியும் உவமையும் தேடி வாசிக்கப் புகுந்தவனுக்கு அங்கே கிடைத்தவை வீதியும் திண்ணையும் சாப்பாட்டுப் பேச்சும்தாம்.

அந்நூல் ஏன் மராத்தியில் எழுதப்பட்டது என்பதற்கும் அச்சமயத்தாரிடம் ஒரு வரலாறு உண்டு. சக்ரதரருக்குப்பின் தலைமை ஏற்ற நாகதேவரிடம் கற்றறிந்த சீடர் ஒருவர் சமஸ்கிருதத்தில் எழுத இசைவு கேட்டார். தம் கூட்டத்திலுள்ள முதிய பெண்களுக்கு அது எட்டாமல் போய்விடுமே என்று நாகதேவர் மறுத்துவிட்டார். மொழித் தெரிவு குறித்த கொள்கை அறிக்கைகள் பலவற்றை வாசித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாகப் படிப்பவர் யார் என்பதிலிருந்து தொடங்கிய ஒன்றைக் கண்டதில்லை. இதற்கு நேர்மாறான ஒரு திருப்பமும் பின்னர் நிகழ்ந்தது. எளியோருக்காக எளிய மொழியில் எழுதப்பட்ட அந்நூல்களை, அச்சமயத்தார் எழுத்துகளை இடம்மாற்றி அமைத்த 'சகள லிபி' என்னும் மறையெழுத்தில் படியெடுத்துக் காத்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மறையெழுத்து படித்தறியப்பட்ட பின்னரே பொது உலகம் அவ்வுரைநடையைக் கண்டது. நூற்றாண்டுகளாக உயிரோடிருந்த ஓர் உரைநடை மரபு இலக்கிய வரலாற்றாசிரியரின் கண்ணுக்குப் படாமலே இருந்திருக்கிறது. என் வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பது அப்போது கொஞ்சம் விளங்கிற்று.

நான்காம் மாதம் அசாம். 1228இல் பட்காய் மலைகளைக் கடந்துவந்த அஹோம்கள் தங்கள் அரச நிகழ்ச்சிகளைப் 'புரஞ்சி' என்னும் வரலாற்றுக் குறிப்பேடுகளில் எழுதிவந்தனர். முதலில் தங்கள் தை மொழியில், பின்னர் அசாமியத்தில். போர், தூது, பதவி நியமனம், தண்டனை, அண்டை அரசுகளோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாம் அங்கே உரைநடையில்தான். அம்மொழி இன்று அன்றாடப் பேச்சில் இல்லை. ஆனால் 'புரஞ்சி' என்ற சொல் வரலாறு என்னும் பொருளில் அசாமியத்தில் நிலைத்துவிட்டது. ஒரு மொழி மறைந்தும் அது வளர்த்த துறையின் பெயர் வாழ்கிறது.

அவ்வேடுகள் வெறும் ஆவணங்களாகக் கிடந்தவையல்ல. 18ஆம் நூற்றாண்டில் கீர்த்திசந்திர பர்பருவா என்னும் உயர் அதிகாரி, தன் குடிப்பிறப்பை ஐயுற்று எழுதிய ஒரு புரஞ்சியைக் கண்டு சினந்து, பல புரஞ்சிகளைத் தேடிப்பிடித்து எரிக்கச் செய்தார். ஒரு வரிக்காக ஏடுகளை எரிக்கவேண்டியிருந்தது என்றால், அவ்வரியைப் படிக்கவும் நம்பவும் ஆட்கள் இருந்தனர் என்பதுதான் பொருள்.

விதியை மீறியது ஐந்தாம் மாதத்தில். சமண வணிகர் பனாரசிதாசர் 1641இல் ஆக்ராவில் எழுதிய 'அர்த்தகதானக்' தன்வரலாறு. ஆனால் செய்யுளில் அமைந்தது. மனிதனின் முழு ஆயுள் 110 ஆண்டு எனக் கொண்டு, 55 வயதில் எழுதியதால் 'பாதிக்கதை' என்று பெயரிட்டார். பொருளடக்கம் முழுவதும் உரைநடைக்குரியது: கடன், நட்டம், நோய், ஒன்பது பிள்ளைகளையும் இழந்த துயர். ஆக்ராவில் கையில் காசின்றிக் கச்சோரி விற்பவரிடம் பல மாதங்கள் கடனுக்கு உண்டதையும் மறைக்காமல் சொல்கிறார். புரவலர் எவரும் அவரைப் பாடச் சொல்லவில்லை. பின் ஏன் செய்யுள்? நூலிலேயே ஒரு குறிப்பு கிடைக்கிறது. அதே வறிய நாட்களில் மாலைதோறும் 'மதுமாலதி', 'மிருகாவதி' ஆகிய காதற்காவியங்களை அவர் வாய்விட்டுப் படிக்க, பத்திருபது பேர் கூடிக் கேட்டிருக்கிறார்கள். கூடிக் கேட்பவர்களுக்குச் செய்யுள் இயல்பானது. ஆக, பொருள் மட்டும் வடிவத்தைத் தீர்மானிப்பதில்லை, கேட்பவரும் தீர்மானிக்கிறார்.

ஆறாம் மாதம் எதிர்பாராமல் என்னை ஊர்ப்பக்கம் கொண்டுவந்தது. சிவாஜியைப் பற்றிய பழைய மராத்தி வரலாறான 'சபாசத் பகர்' 1697இல் செஞ்சியில் எழுதப்பட்டது. முகலாயப் படை கோட்டையை முற்றுகையிட்டிருந்த காலம். உள்ளே இராஜாராம், அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் கிருஷ்ணாஜி அனந்த சபாசத் எழுதினார். தந்தையின் ஆட்சி எப்படி நடந்தது, கோட்டைகள் எத்தனை, படையும் கருவூலமும் எவ்வாறு அமைந்தன என்று, அரசை இழக்கும் நிலையிலிருந்த மகனுக்குச் சொல்லும் நூல் அது. செஞ்சிக்குப் பள்ளிச் சுற்றுலா போனவர்கள் நம்மில் பலர். அங்கே ஒரு மராத்தி உரைநடை நூல் பிறந்தது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு சொற்குறிப்பு: 'பகர்' என்பது அரபுச் சொல்லான 'கபர்' எழுத்து முன்பின்னாக மாறி வந்தது என விளக்குவோர் உண்டு. தமிழ்ப் 'பகர்' என்னும் வினையோடு உள்ள ஒற்றுமை வெறும் ஒலியளவில்தான். ஆர்வக்கோளாறில் அதன்மேல் கட்டுரை எழுதிவிடவேண்டா.

ஏழாம் மாதம் என் வாக்கியத்தின் தாயகத்திற்குச் சென்றேன். 1800இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட வில்லியம் கோட்டைக் கல்லூரியில் முன்ஷிகளும் பண்டிதர்களும் வங்காளி, உருது, இந்தி உரைநடைப் பாடநூல்களை எழுதினர். மீர் அம்மனின் 'பாக்-ஓ-பஹார்' அவற்றுள் சுவைமிக்கது. இன்றும் தடையின்றி வாசிக்க முடிகிறது. ஆனால் அதன் முதல் வாசகர் யார்? மொழி கற்கவந்த கம்பெனியின் இளம் அதிகாரி. இந்த இடத்தில்தான் முந்தைய குறிப்புகள் ஒன்றுசேர்ந்தன. வசனத்திற்கு இறைவனும் அடியார் கூட்டமும், லீளாசரித்திரத்திற்கு முதிய பெண்கள், புரஞ்சிக்கு அரசவை, பகருக்கு முற்றுகையில் சிக்கிய மன்னன், கல்லூரிப் பாடநூலுக்கு வேற்றுநாட்டு மாணவன். ஒவ்வோர் உரைநடைக்கும் முகம் தெரிந்த வாசகர் ஒருவர் இருந்தார். அவ்வகையில் வில்லியம் கோட்டை புதிய தொடக்கமன்று. பழைய வரிசையில் மற்றொன்று.

மெய்யான மாற்றம் முகம் தெரியாத வாசகரை நோக்கி எழுதத் தொடங்கியபோது நேர்ந்தது. 1855இல் மராத்தி இதழான 'ஞானோதய'வில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் முக்தாபாய், பூனாவில் ஜோதிராவ், சாவித்திரிபாய் பூலே இணையர் நடத்திய பள்ளியில் படித்த மாங்கு சாதிச் சிறுமி. வேதம் தங்களுக்கே உரியது என்று சிலர் சொன்னால் எங்களுக்குச் சமயமே இல்லையா என்று அவர் வினவுகிறார். தம் சாதிப் பெண்கள் கூரையின்றிப் பிள்ளை பெறும் அவலத்தைச் சொல்கிறார். பள்ளிக் கட்டுரைதான், சில பக்கங்கள்தாம். ஆனால் நேரில் நின்று பேச முடியாத ஒருவரை நோக்கி அச்சில் பேசிவிட முடிந்தது. ஓராண்டில் நான் வாசித்தவற்றுள் மிகச் சிறியது இது. இதற்குப்பின் இரண்டு நாட்கள் வேறெதையும் வாசிக்க இயலவில்லை.

காலிபின் உருதுக் கடிதங்கள் 1868, 1869ஆம் ஆண்டுகளில் தொகுதிகளாக வெளிவந்தன. 1857க்குப் பிந்தைய தில்லியின் வெறுமையை நண்பர்களுக்கு எழுதியவர், அக்கடிதங்களை அச்சிடுவதற்கு முதலில் தயங்கினார். முகம் தெரிந்த வாசகரிடமிருந்து தெரியாத வாசகருக்குக் கடக்கும் அந்தத் தயக்கம் எனக்கு முக்கியமாகப் பட்டது.

இராசசுந்தரி தேவியின் 'ஆமார் ஜீபன்' வங்காளிப் பெண் ஒருவர் எழுதிய முதல் தன்வரலாறு. பெண் படித்தல் பழி என்றிருந்த வீட்டில், 'சைதன்ய பாகவத'த்தின் ஓர் ஏட்டை எடுத்துச் சமையலறையில் ஒளித்துவைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டு எழுத்துக்கூட்டினார். படிக்கக் கற்று நெடுநாள் கழித்தே எழுதக் கற்றார். எழுதுவதற்குத் தாளும் மையும் இடமும் வேண்டும்; ஒளித்துவைக்க முடியாது. எழுத்தறிவு என்று ஒரே சொல்லால் நாம் சுட்டுவது இரண்டு திறன்கள் என்பதையும், அவற்றுக்கிடையே ஒரு பெண்ணின் பல ஆண்டுகள் கிடக்கக்கூடும் என்பதையும் எந்த மொழியியல் பாடமும் எனக்கு இவ்வாறு உணர்த்தியதில்லை.

ஆண்டின் முடிவில் இரண்டு நாவல்கள்: ஒன்று முழுநூலாகவும் ஒன்று தொடர்கதையாகவும் வந்தது. சந்துமேனோனின் 'இந்துலேகா' 1889இல் வந்தது; வீட்டில் பேசும் மலையாளத்தில் எழுதியதாக ஆசிரியரே முன்னுரையில் காரணம் காட்டுகிறார். பகீர்மோகன் சேனாபதியின் 'ச மாண ஆட்ட குண்ட' 1897 முதல் 1899 வரை 'உத்கல சாகித்திய' இதழில் தொடராக வந்தது. ஒடியா தனிமொழியே அன்று என்று 1870இல் ஒரு நூல் வெளிவந்திருந்த சூழலில், உழவனின் நிலம் பறிபோன கதையை ஒடியா நாட்டுப்புறப் பேச்சிலேயே எள்ளலோடு அவர் சொன்னார். மொழி பிழைத்திருப்பதற்கு இதைவிட வலுவான வாதம் அரிது.

ஆய்வேட்டிலிருந்து அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டேன். அவ்விடத்தில் இப்போது எழுதியிருப்பது இது: அச்சு இந்திய மொழிகளுக்கு உரைநடையைத் தரவில்லை, உரைநடைக்கு முகமறியா வாசகரைத் தந்தது. இம்முறை பத்து அடிக்குறிப்புகள் உள்ளன. புதிய வாக்கியமும் பிழையாக இருக்கலாம். தெலுங்கு, பஞ்சாபி, சிந்தி, மைதிலி எவையும் என் பட்டியலில் இடம்பெறவில்லை. சான்றுகள் பெரும்பாலும் சமயக் கூட்டங்களையும் அவைகளையும் சார்ந்தவை. வணிகர் கணக்கேடுகளையும் ஊர் வழக்குப் பதிவுகளையும் வாசித்தால் படம் மாறக்கூடும்.

அடுத்த ஆண்டுக்கான பட்டியலை அங்கிருந்தே தொடங்க எண்ணியிருக்கிறேன். இம்மொழிகளில் பழைய உரைநடையோடு பழகியவர்கள், நான் தவறவிட்டவற்றைச் சொல்லுங்கள். கேள்விக்குறி இட்டாலும் போதும்.