சீதபேதியும் மணிலா சிறைக் கைதிகளும்

பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் பிடியில் இருந்த காலம். மணிலாவின் பிலிபிட் சிறையில் வாக்கர், செல்லார்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 20 கைதிகளுக்கு அமீபாவை விழுங்கக் கொடுத்தார்கள். கைதிகள் சம்மதித்துத்தான் விழுங்கினார்களாம். சிறைக்குள் இருப்பவனின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்பது வேறு கேள்வி! 1913-ல் முடிவுகள் வெளியாயின. 18 பேரின் குடலில் அமீபா குடியேறிவிட்டது. ஆனால் சீதபேதி வந்தது 4 பேருக்கு மட்டும்தான்.

மற்ற 14 பேர் எப்படித் தப்பினார்கள்?

சீதபேதி நோயாளியின் மலத்தில் இந்த அமீபாவை முதலில் விவரித்தவர் ரஷ்யாவின் லோஷ் (1875). ஆனால் அதுதான் நோய்க்கு மூலகாரணம் என்று அவரே நம்பவில்லை. 1925-ல் பிரான்சின் எமில் பிரம்ப்ட், "பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இவை இரண்டு இனங்கள். ஹிஸ்டோலிடிகா நோய் தரும், டிஸ்பார் தராது" என்றார். மைக்ராஸ்கோப்பில் வித்தியாசமே தெரியாததால் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அவர் சொன்னது சரி என்று முறையாக ஒப்புக்கொள்ள 1993 ஆகிவிட்டது. பாவம், பிரம்ப்ட் 1951-லேயே இறந்துவிட்டார்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. நிஜமான ஹிஸ்டோலிடிகா உள்ளே இருந்தும் நோயே வராதவர்கள் ஏராளம். காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, நாம் அருவருப்போடு பார்க்கும் சளி!

பெருங்குடலின் உட்சுவர் முழுக்க ஜெல் மாதிரி ஒரு சளிப்படலம் உண்டு. அதன் முக்கியப் புரதம் மியூசின். அதன்மேல் சர்க்கரை மூலக்கூறுகள் அடர்ந்திருக்கும். அமீபா குடல் செல்லைப் பிடிக்கப் பயன்படுத்தும் 'கை' ஒரு லெக்டின் புரதம். அது தேடுவதும் இதே சர்க்கரைகளைத்தான். 1987-ல் சாடி, பெட்ரி முதலானோர் காட்டியது இதுதான்: மியூசின் அந்தக் கையை நிரப்பிவிடுகிறது, அதனால் செல்லைப் பிடிக்க முடிவதில்லை. தூண்டிலில் மாட்டிய மீன் கதைதான். சளியோடு சளியாக மலத்தில் வெளியே போகவேண்டியதுதான்.

ஹிஸ்டோலிடிகாவும் லேசுப்பட்டதல்ல. அது சுரக்கும் சிஸ்டீன் புரோட்டியேஸ் நொதிகள் மியூசின் இழைகளை வெட்டி ஜெல்லைக் கரைக்கின்றன என்பது 2006-ல் தெரியவந்தது. படலம் கரைந்தால் செல்கள் வெட்டவெளியில். பிறகுதான் புண், ரத்தம், வெளியேறும் சீதம். சீதம் என்றாலே சளிதான், நம்மவர்கள் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம்!

வெட்டும் நொதிகளில் முக்கியமானது சிபி5. டிஸ்பாரிடமும் அதற்கான மரபணு இருக்கிறது. ஆனால் பழுதாகிக் கிடக்கிறது.